மூச்சு மட்டும் சுத்தமாக

"நிறுத்துங்க."

சிவப்பு விளக்கு எரியும்போது இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். சொன்னேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஏன் கத்தினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதில் ஒரு வரிகூட நான் கட்டிவிட்டது இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்துபோன விளக்கு என்று எதிர்பார்ப்பீர்கள். அதுவும் கிடையாது. மத்தியானம். வெளியே கண்ணைக் கூசும் வெயில். நான் நின்ற அறைக்கு மட்டும் ஜன்னல் இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். இயற்பியல். அம்மா ஒரு லாண்டரியில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்த்து என்னைப் படிக்கவைத்தாள். படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த வேலை, சாகிற அத்தைக்குக் குரல் கொடுப்பது.

சிரிக்காதீர்கள். டிவியில் வாரம் ஒருமுறை வருகிற அறிவியல் புனைகதைத் தொடர் அது. நாயகன் ஒரு கதவைத் திறப்பான். வேறோர் உலகம். அங்கேயும் அதே தெரு, அதே மனிதர்கள், ஆனால் வேறு வாழ்க்கை. அவனை வளர்த்த அத்தை ஓர் உலகத்தில் பஸ் ஓட்டுவாள், இன்னொன்றில் நீதிபதி, மற்றொன்றில் பேக்கரி வைத்திருப்பாள். எந்த உலகமாக இருந்தாலும் கடைசியில் அவனைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போவாள். அவன் அழுவான். அழுதுவிட்டு அடுத்த கதவைத் திறப்பான். துணைக் கதாபாத்திரம் என்றால் அவ்வளவுதான்.

அத்தைக்கு எனக்கு முன்பு குரல் கொடுத்தவர் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்துவிட்டார். பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தார் என்று சொன்னார்கள். அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்பார்கள். நான் பார்த்ததே இல்லை, எனக்கும் பெரியம்மாதான். அவருடைய குரலோடு ஒட்டிப்போகிற குரலாகத் தேடி என்னைப் பிடித்தார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு, என் தொண்டைக்கு ஐம்பது. போனில் பேசினால் என்னையே "உங்க பொண்ணு இருக்காளா?" என்று கேட்பார்கள்.

டப்பிங் டைரக்டரை நாங்கள் சார் என்போம். முதல் நாள் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"படிச்ச பொண்ணு, ஒரு தடவ சொன்னாப் புரியும். சிவப்பு விளக்கு எரிஞ்சா டேக் ஓடுதுன்னு அர்த்தம், அப்ப உள்ள இருக்கறவங்க நிறுத்தச் சொல்லவே கூடாது. நல்ல டேக் கெட்டுப்போச்சுன்னா திரும்பக் கிடைக்காது. நிறுத்தறது என் வேலை."

"இருமல் வந்தா சார்?"

"முழுங்கு."

முழுங்கினேன். கடைசிப் பகுதி நல்லபடியாக முடிந்தால் அடுத்த தொடரில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் கால் நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்துவிட்டது. அவளை உட்காரவைக்க வேண்டும். அதற்காக இருமல் என்ன, எதை வேண்டுமானாலும் முழுங்கியிருப்பேன்.

அறையைச் சொல்லிவிடுகிறேன். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சின்ன அறை. நடுவில் மைக். மைக்குக்கு முன்னால் மூச்சுக்காற்றைத் தடுக்கும் துணி வளையம். எதிரே பெரிய கண்ணாடி, அதன் பக்கத்தில் காட்சி ஓடும் திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாரும் சவுண்ட் இன்ஜினியரும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் அவர்கள் பேசுவது என் ஹெட்போனில் விழும். இல்லையென்றால் குண்டூசி விழுந்தாலும் கேட்கிற அமைதி.

இன்ஜினியருக்குப் பெயர் மீட்டர் அண்ணன். மனிதர் முகத்தை அவர் பார்த்து யாரும் பார்த்ததில்லை. ஒலி அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் நான் கவனித்தது மைக்கை.

காலையில் வந்து பார்த்தால் அது தாழ்ந்திருக்கும். நாங்கள் நின்றுகொண்டு பேசுகிறவர்கள், மைக் வாய் உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் அது என் நெஞ்சுக்குக் கீழே இறங்கியிருக்கும். யாரோ உட்கார்ந்து பேசுவதற்கு இறக்கிவைத்ததுபோல. அறைக்குள் நாற்காலியே கிடையாது.

"ஸ்டாண்டு லூசும்மா" என்றார் மீட்டர் அண்ணன். உயர்த்தி, திருகை இறுக்கிவிட்டுப் போவார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்... மறுபடி தாழ்ந்திருக்கும்.

அடுத்தது துணி வளையம். நான் வாயே திறக்காதபோதும் தொட்டால் ஈரமாக இருக்கும்.

அப்புறம் மூச்சு.

"ஏம்மா ரெண்டு தடவ மூச்சு வாங்கற?" என்று ஒரு நாள் ஹெட்போனில் மீட்டர் அண்ணன் குரல்.

"ஒரு தடவதான அண்ணே வாங்கினேன்."

"இல்லம்மா. நீ வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு வருது."

போட்டுக் காட்டினார். உண்மைதான். நான் பேசத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால், யாரோ சிரமப்பட்டு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். ஸ்ஸ்ஹ்... என்று. பிறகுதான் என் மூச்சு. பிறகு என் வசனம்.

"எக்கோவா இருக்கும்" என்றேன். இயற்பியல் படித்த வாய். எதிரொலி, மூலச் சத்தத்துக்கு முன்னால் வராது என்பது தெரிந்தேதான் சொன்னேன்.

சாவுக் காட்சிகளுக்கு மட்டும் நான் முழுதாகக் குரல் கொடுக்க வேண்டியதில்லை. கடைசி வசனத்தோடு என் வேலை முடிந்துவிடும். "கடைசி மூச்சு நம்மகிட்ட இருக்கு. பெரியம்மாவோடது" என்பார் சார், வீட்டில் தங்கம் இருக்கிறது என்பதுபோல. எந்த உலகத்தில் அத்தை செத்தாலும் அந்த மூச்சைத்தான் எடுத்து ஒட்டுவார்கள். இழுத்து... இழுத்து... நடுவில் சிக்கி... அடங்குகிற மூச்சு.

வீட்டில் அம்மா இந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடமாட்டாள். நாயகனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"இவன் பாட்டுக்குக் கதவைத் தொறந்துட்டுப் போயிடறான். அந்தப் பொம்பள அங்கயே செத்துக் கெடக்கறாளே. அவளை யாருடி எடுத்துப் போடுவா?"

"அம்மா, அவ சைடு கேரக்டர்."

"அதனால? அவ உசிரு அரை உசிரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. காலை நீவிக்கொண்டே கேட்டாள். "அந்தக் கடைசி மூச்சு நீ விடறதா?"

"இல்லம்மா. பழைய பெரியம்மா விட்டது."

"அதான பாத்தேன். கேக்கறப்பவே நெஞ்சை அடைக்குது. நடிப்புன்னா அது நடிப்பு. நீயும் கத்துக்க."

கடைசிப் பகுதிக்கு வருவோம்.

கதை இதுதான். எல்லா உலகத்துக் கதவுகளும் ஒன்றாக மூடப்போகின்றன. நாயகன் தன் உலகத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லா உலகத்து அத்தைகளும் ஆளுக்கொரு கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவன் போனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சாக வேண்டும். அந்த ஒரு மூச்சையே அத்தனை பேருக்கும் அடுக்கடுக்காகப் போடுவது என்று சார் முடிவு செய்திருந்தார்.

"உன் வசனம் முடிஞ்சதும் பேசாம நில்லு. அந்த மூச்சை உன் ஹெட்போன்ல விடறேன். ரெண்டும் ஒட்டுதான்னு பாக்கணும். அசையாத."

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு மேலிருந்த கடிகாரத்தில் மணி 2.40.

திரையில் அத்தை கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள்.

"போ. திரும்பிப் பாக்காத. நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். நன்றாகவே வந்தது.

நாயகன் போனான். கதவு மூடியது.

மூச்சு தொடங்கியது.

ஸ்ஸ்ஹ்... இழுத்து... ஸ்ஸ்ஹ்... சிக்கி...

காட்சி முடிந்து திரை கறுப்பானது. இதுவரை கேட்டபோதெல்லாம் மூச்சும் அந்த இடத்தில்தான் அடங்கும். அன்றைக்கு...

அடங்கவில்லை.

திரை கறுப்பாகவே இருந்தது. மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பதிவு நீளமாக இருக்கும் போலிருக்கிறது, இவர்கள் வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அசையாமல் நின்றேன். அசையாதே என்றாரே.

அப்போது அது கேட்டது.

டக்.

மெதுவாக. நகத்தால் தட்டியதுபோல.

டக்... டக்.

ஹெட்போனில்தான் என்று நினைத்துக் கழற்றினேன்.

மூச்சு நின்றுவிட்டது. தட்டல் நிற்கவில்லை.

டக்... டக்... டக்.

கண்ணாடியில். அந்தப் பக்கத்திலிருந்து இல்லை. இந்தப் பக்கத்தில், என் பக்கத்தில், என் இடுப்புக்குச் சற்று மேலே. ஒருவர் உட்கார்ந்திருந்தால் கை எட்டுகிற உயரத்தில்.

பார்த்தேன்.

கண்ணாடியில் ஒரு வட்டம் பனித்தது. வாயை வைத்து ஊதினால் பனிக்குமே, அதுபோல. மறைந்தது. மறுபடி பனித்தது. முன்னதைவிடச் சின்னதாக. மறைந்தது.

மறுபடி.

இன்னும் சின்னதாக.

ஒன்று சொல்கிறேன், அது என்னைப் பயமுறுத்த வந்த மாதிரி இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தது.

நானும் அவர்களைப் பார்த்தேன்.

மீட்டர் அண்ணன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டி, ரசித்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் நிமிரவில்லை.

டக்...

வட்டம் ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

டக்...

அடுத்தது பனிக்கவில்லை.

"நிறுத்துங்க."

விளக்கு அணைந்தது. சார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"உனக்கு எத்தன தடவ சொல்லிருக்கேன்? எதுக்கும்மா கத்தின?"

கண்ணாடியைக் கை காட்டினேன். பளிங்குபோல இருந்தது.

திறந்திருந்த கதவு வழியாக மீட்டர் அண்ணன் அங்கிருந்தே கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீ கண்ணாடியத் தட்டினியா?"

"இல்லண்ணே."

"இல்ல... தட்டல் விழுந்திருக்கு."

திருப்பி ஓட்டினார். என் மைக்கில் பதிவாகியிருந்தது. டக். டக்... டக். கொஞ்சம்தான் ஓடியிருக்கும், அவர் கை தானாகப் போய் அதை அழித்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரும் அழிக்கச் சொல்லவில்லை. ஏற்கனவே ஒருமுறை செய்த வேலையைக் கை மறக்காமல் செய்வதுபோல இருந்தது. பிறகு முதன்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தார். உடனே குனிந்துகொண்டார்.

"பத்து நிமிஷம். தண்ணி குடிச்சிட்டு வா" என்றார் சார்.

வெளியே நடைவழியில் கும்பல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தொடரில் எங்கே கூட்டம் கூடினாலும் அத்தனை குரலும் அவர் ஒருவரே, அதனால் அந்தப் பெயர். "என்னம்மா, உள்ள கத்தினது நீயா? எனக்குப் போட்டியா கும்பல் சேக்கறியா?" என்றவர், என்னைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

"அண்ணே, பெரியம்மா உக்காந்துகிட்டா பேசுவாங்க?"

அவர் நடைவழியின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கண்ணாடியத் தட்டினாங்களா?"

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"அந்த வாரம் முழுக்க நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாங்கம்மா. நிக்க முடியல. ஸ்டூல் போட்டு, மைக்க இறக்கிக் குடுத்தோம். அத்தையோட முதல் சாவு சீன் அன்னிக்கி. வசனத்த முடிச்சாங்க. முடிச்சிட்டுத்தான் மூச்சு வாங்க ஆரம்பிச்சாங்க. நான் சார் பின்னாடி நின்னுட்டிருந்தேன். ஐயோ என்னமா நடிக்கறாங்கன்னு..."

தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நிறுத்தச் சொல்லக் கூடாதுல்ல. அதான் சொல்லல. தட்டினாங்க. சார் கைய உசத்தி, ஓடட்டும்னாரு. சீன் முடிஞ்சதும் கை தட்டினாரும்மா. நானும் தட்டினேன். அவங்க எந்திரிக்கல."

"பஸ் ஸ்டாப்புல விழுந்தாங்கன்னீங்க?"

"அப்படித்தான் சொல்லணும்னு சொன்னாரு. அவங்க பொண்ணுகிட்டயும் அதான் சொன்னோம்."

சுவரில் சாய்ந்தேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அந்த அறையில் பார்த்ததைவிட அதுதான் இன்னும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

"அப்புறம் மீட்டர் உக்காந்து, அந்தத் தட்டல் சத்தத்த மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துட்டான். சார்தான் எடுக்கச் சொன்னாரு. மூச்சு மட்டும் சுத்தமா வேணும்னாரு."

சுத்தமாக.

பஸ் ஓட்டிய அத்தைக்கு அந்த மூச்சு. நீதிபதி அத்தைக்கு அந்த மூச்சு. பேக்கரி அத்தைக்கு அந்த மூச்சு. என் அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது அதைக் கேட்டு. நீயும் கத்துக்க என்றது அதை.

"அவங்க பொண்ணு இந்தத் தொடரப் பாப்பாளா?"

"வாராவாரம்" என்றார் கும்பல் அண்ணன். "போன் பண்ணுவா. சாகற சீன்ல மட்டும் எங்கம்மா குரல் வருதுண்ணே, எடுத்துடாதீங்கன்னு சொல்லுவா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து அறைக்குள் போனேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மூச்ச எடுத்துடுங்க சார்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறவில்லை, அதுதான் ஆச்சரியம். "இங்க பாரும்மா. அவங்க போய்ச் சேந்துட்டாங்க. இந்த மூச்சுதான் இன்னும் அவங்கள உயிரோட வச்சிருக்கு."

"உயிரோட இல்ல சார். செத்துக்கிட்டே இருக்க வச்சிருக்கு. இன்னிக்கி ஒரே நேரத்துல எல்லா உலகத்துலயும் சாகடிக்கப் போறீங்க."

"அது மாதிரி இன்னொண்ணு கிடைக்காது."

"கிடைக்கக் கூடாது."

மீட்டர் அண்ணன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாதபோது அந்த முள் அசையாது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய போனா இந்தத் தொழில்ல ஒரு கதவும் உனக்குத் தொறக்காது" என்றார் சார். "வீட்ட நெனச்சுப் பாத்துக்க."

நினைத்தேன். அம்மாவின் கால் நரம்பை நினைத்தேன். கூடவே இதையும் நினைத்தேன். நாங்கள் படித்ததில் ஒரு கருத்து உண்டு, நிரூபிக்கப்படாதது. நடந்திருக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓர் உலகம் இருக்கலாம் என்று. அப்படியானால் ஏதோ ஓர் உலகத்தில் இந்த மூன்று பேரில் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்திருப்பார். கதவைத் திறந்து ஓடியிருப்பார். அந்த உலகத்தில் பெரியம்மா பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருப்பார், மகள் சாப்பிட்டாளா என்று கேட்டிருப்பார்.

நான் இருக்கிற உலகம் அது இல்லை.

மைக் இருந்த அறைக்குத் திரும்பிப் போய் ஹெட்போனைக் கொக்கியில் மாட்டினேன். மைக் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, உட்கார்ந்தவர் வாய் உயரத்துக்கு இறக்கிவைத்தேன். நடைவழியிலிருந்து ஸ்டூலைத் தூக்கிவந்து அதன் முன்னால் போட்டேன். சார் ஏதோ கத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் மட்டும் அசைந்தது, ஹெட்போன் கொக்கியில் இருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

"எங்கம்மா போற?" என்றார் கும்பல் அண்ணன்.

"அந்தப் பொண்ணு வீடு எங்க?"

"சொன்னா அவ தாங்க மாட்டாம்மா."

"தெரியாமலே வாராவாரம் கேக்கறாளே, அதத் தாங்கறாளா?"

அவர் வழி சொன்னார். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பேக்கரிக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு.

வாசலுக்குப் போகும் வழியில் அந்த அறையின் கதவு. அதில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. உள்ளே விளக்கு அணைந்திருந்தது. ஆள் இல்லை. ஸ்டூல் மட்டும்.

டக்...

நின்றேன்.

டக்... டக்.

ஓட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை. இத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்கு யாரும் பதில் சொன்னதில்லை என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது.

விரலை மடக்கி, நானும் தட்டினேன். ஒரே ஒரு தடவை.

உள்ளே சத்தம் நின்றது. கதவுக் கண்ணாடியின் அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒரு வட்டம் பனித்து, மெல்ல மெல்லக் கரைந்தது. நீளமாக மூச்சு விட்டால் பனிக்குமே, அதுபோல.

வெளியே வெயில் அப்படியே இருந்தது. பச்சைக் கதவு, பேக்கரிக்கு எதிர்ச் சந்து என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன்.